விடுமுறை யாருடையது, பொறுத்துப்போவது யார்?

பாரிஸ் புறநகரில் நான் இருக்கும் நாலாம் மாடிக்கு, இரண்டு வருசத்துக்கு முந்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒருவர் பெட்டிசத்தோடு ஏறி வந்தார். லிஃப்ட் பழுது. மூச்சு வாங்க நின்றவரைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி போடட்டோ என்று கேட்டேன். "வேண்டாம் அண்ணை, இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்" என்றார். நாலு மாடி ஏறினவருக்குப் பச்சைத் தண்ணியும் வேண்டாமாம். சரி, அது கிடக்கட்டும்.

ஒரு சைவ அமைப்பின் ஆள் அவர். பெட்டிசத்தின் சாரம் இது: பிரான்சில் யூதருக்கும் முஸ்லிம்களுக்கும் பௌத்தருக்கும் அவரவர் பண்டிகைக்கு அரசாங்கம் இடம் கொடுத்திருக்கிறது, இந்துக்களுக்கு மட்டும் இல்லை, ஆகவே தீபாவளியையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும், மதச் சகிப்புத்தன்மைக்குப் பேர்போன இந்த நாடு எங்களையும் மதிக்க வேண்டும். கீழே பதினெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். "அண்ணை, ஒரு கையெழுத்துத்தானே" என்று பேனையை நீட்டினார்.

நான் போடவில்லை. ஏன் என்று கேட்டார். சொன்னேன். "உங்களுக்கு மற்ற ஆக்களின்ர நம்பிக்கையை மதிக்கத் தெரியேல்லை. வெள்ளைக்காரனே மதிக்கிறான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அன்று நான் வாயால் சொன்னது அரைகுறை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். மதச் சகிப்பு என்ற சரக்கு எல்லா நாட்டுச் சந்தையிலும் நல்ல விலைக்குப் போகிறது. வாங்குவதற்கு முன் தோழர்களும் மாணவர்களும் அதைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

முதலில் அவர் சொன்ன அந்தப் பட்டியல். 1967 செப்டெம்பரில் பிரெஞ்சு அரசு ஒரு சுற்றறிக்கை விட்டது. அந்த வழியில் வந்த பட்டியலில் இன்று ஆர்த்தடொக்ஸ் கிறிஸ்தவர், ஆர்மேனியர், யூதர், முஸ்லிம், பௌத்தர் ஆகியோரின் சில பண்டிகைகள் இருக்கின்றன. அந்த நாட்களுக்கு அந்தச் சுற்றறிக்கை வைத்திருக்கும் பெயரைக் கவனியுங்கள்: 'வராமலிருக்க அனுமதி'. விடுமுறை என்று எங்கும் இல்லை. ஊழியன் கேட்க வேண்டும். வேலை கெடாது என்று மேலதிகாரிக்குத் தோன்றினால் கொடுப்பார். தோன்றாவிட்டால் இல்லை. அதுவும் யாருக்கு? அரசாங்க ஊழியருக்கு மட்டும்.

பாரிஸில் இருக்கிற எங்கட சனத்தில் அரசாங்க ஊழியர் எத்தனை பேர்? நாங்கள் கோப்பை கழுவுகிறோம். கந்தோர்களில் விடியப்புறம் நாலரைக்குக் குப்பை வாளி தூக்குகிறோம். பெட்டி அடுக்குகிறோம். பெட்டிசம் வென்றாலும் இவர்களில் ஒருவருக்கும் ஒரு மணித்தியாலம்கூடக் கிடைக்காது. அப்படியானால் அந்தக் காகிதம் எதற்கு? அரசாங்கப் பட்டியலில் 'இந்து' என்ற சொல் அச்சாக வேண்டும். அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்குள் என்னையும் அடைத்து அனுப்பத்தான் என் கையெழுத்து.

இனி, எங்களை மதிக்கிற வெள்ளைக்காரன் தன்னுடைய நாட்காட்டியை எப்படி வைத்திருக்கிறான் என்று பார்ப்போம். பிரான்சில் பொது விடுமுறை 11 நாள். புத்தாண்டு, மே 1, மே 8, ஜூலை 14, நவம்பர் 11 ஆகிய ஐந்தும் அரசியல் சம்பந்தமானவை அல்லது பொதுவானவை. மிச்சம் ஆறு: ஈஸ்டர் திங்கள், இயேசு விண்ணேற்றம், பெந்தெகோஸ்தே திங்கள், மாதா விண்ணேற்பு, புனிதர் அனைவர் பெருவிழா, நத்தார். ஆறும் கிறிஸ்தவப் பண்டிகை. இதில் நாலு 1802இல் நெப்போலியன் காலத்து ஆணையில் வந்தவை. இரண்டு திங்களும் 1886இல் சேர்ந்தன. 1905 டிசம்பர் 9இல் தேவாலயத்தையும் அரசையும் பிரிக்கும் சட்டம் வந்தது. மதச்சார்பற்ற குடியரசு என்று இவர்கள் மார்தட்டுகிற சட்டம் அதுதான். ஆறு நாளில் ஒன்றாவது போனதோ? போகவில்லை. அடுத்த வருசம், 1906 ஜூலையில், வாராந்த ஓய்வுநாள் சட்டம் வந்தது. நாள் எது? ஞாயிறு.

ஓய்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1906 மார்ச் 10இல் கூரியேர் நிலக்கரிச் சுரங்கத்தில் 1,099 தொழிலாளர் செத்தார்கள். அந்தச் சாவின் கொதிப்பில் நடந்த வேலைநிறுத்தங்கள் இல்லாவிட்டால் அந்த ஓய்வுநாளும் இருந்திராது. அதைத் தொழிலாளி இரத்தம் கொடுத்து வாங்கினான், பாதிரி ஞாயிறு என்று பெயர் வைத்தான், குடியரசு அதை 'பொது' என்றது. தன் மதத்தைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டு, சுவர் வெள்ளையாக இருக்கிறது பாருங்கள் என்று காட்டுகிற கெட்டித்தனம் இது. மற்றவனுடைய மதம் எல்லாம் சுவரில் ஒட்டின நோட்டீஸ் மாதிரித் துருத்திக்கொண்டு நிற்கும். கிழிக்கலாம், அல்லது பெருந்தன்மையோடு விட்டுவைக்கலாம்.

கிழக்கே அல்சாஸ், மோசெல் பக்கம் போனால் இன்னும் வேடிக்கை. 1905இல் அந்தப் பகுதி ஜெர்மனியின் கையில் இருந்தது. அதனால் பிரிவினைச் சட்டம் அங்கே இன்றுவரை நடைமுறையில் இல்லை. கத்தோலிக்க, புரட்டஸ்தாந்துக் குருமாருக்கும் யூத ரபிகளுக்கும் அரசாங்கமே சம்பளம் கொடுக்கிறது. 2013இல் அரசியலமைப்புச் சபை அது சரிதான் என்று சொல்லிவிட்டது. பெரிய வெள்ளியும் டிசம்பர் 26உம் அங்கே மேலதிக விடுமுறை. பெரிய வெள்ளிக்கு ஒரு நிபந்தனை உண்டு: அந்த ஊரில் புரட்டஸ்தாந்துத் தேவாலயம் இருக்க வேண்டும், அல்லது இரு பிரிவாரும் பாவிக்கும் தேவாலயம் இருக்க வேண்டும். தேவாலயம் உள்ள ஊரில் தொழிலாளி படுத்திருப்பான், இல்லாத ஊரில் வேலைக்குப் போவான். தலையில் முக்காடு போட்ட மாணவியைப் பார்த்துக் குடியரசு ஆபத்தில் இருக்கிறது என்று அலறுகிற அறிஞர்கள் இந்தச் சம்பளப் பட்டியலைப் பற்றி இவ்வளவு சத்தமாய்ப் பேசி நான் கேட்டதில்லை.

2003இல் ஜாக் சிராக் ஸ்டாசி என்பவரின் தலைமையில் ஒரு ஆணைக்குழு போட்டார். குடியரசில் மதச்சார்பின்மையை எப்படி நடைமுறைப்படுத்துவது என்பதுதான் அதற்குக் கொடுத்த வேலை. அது டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. முக்காட்டைத் தடைசெய் என்றது உண்மை. அதே அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது: யூதரின் யோம் கிப்பூரும் முஸ்லிம்களின் ஹஜ்ஜுப் பெருநாளும் எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் விடுமுறையாகட்டும், வேலைத்தலங்களில் தொழிலாளி தன் விடுமுறைக் கணக்கிலிருந்து ஒரு நாளைத் தான் விரும்பிய பண்டிகைக்கு மாற்றிக்கொள்ளட்டும். ஒரு கையால் எடுத்தாலும் மறு கையால் கொஞ்சம் கொடுக்கப் பார்த்தது ஆணைக்குழு. சிராக் முதலாவதை எடுத்துக்கொண்டார். இரண்டாவதை அதே மாதமே தள்ளிவிட்டார். 2004 மார்ச் 15இல் தடைச் சட்டம் வந்தது.

கதை அதோடு முடியவில்லை. 2003 கோடை வெக்கையில் பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேர், பெரும்பாலும் தனித்துக் கிடந்த கிழவன் கிழவிகள், செத்துப்போனார்கள். முதியோருக்குக் காசு சேர்க்க வேண்டும் என்று 2004 ஜூனில் இன்னொரு சட்டம் போட்டார்கள். பெந்தெகோஸ்தே திங்களன்று தொழிலாளி சம்பளமில்லாமல் வேலை செய்ய வேண்டும். பெயர் 'ஒருமைப்பாட்டு நாள்'. அந்தத் திங்களை முஸ்லிம் பிள்ளைக்கோ யூதப் பிள்ளைக்கோ மாற்றிக் கொடுத்தால் நாட்டின் பாரம்பரியம் இடிந்து விழுமாம். முதலாளிக்குக் கொடுத்தால் விழாதாம். 2012இல் பசுமைக் கட்சி வேட்பாளர் ஈவா ஜோலி அதே யோம் கிப்பூர், ஹஜ்ஜுப் பெருநாள் யோசனையைத் திரும்பச் சொன்னபோது இடதும் வலதும் சேர்ந்து அவரைப் பிடித்துக்கொண்டன. 2025 ஜூலையில் பிரதமர் பய்ரூ என்ன சொன்னார்? வரவுசெலவுப் பற்றாக்குறைக்கு இரண்டு பொது விடுமுறையை எடுப்போம், உதாரணத்துக்கு ஈஸ்டர் திங்களும் மே 8உம். செப்டெம்பரில் அவருடைய அரசாங்கமே விழுந்தது, யோசனையையும் கைவிட்டார்கள். ஆனால் பேச்சு வெளியே வந்துவிட்டதே. ஈஸ்டர் திங்களை விற்கலாம், பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொடுக்க ஏலாது.

இதைத்தான் நான் அந்தப் பெட்டிசக்காரருக்குச் சொல்லப் பார்த்தேன். விடுமுறை என்பது சாமி விசயம் என்று நீங்கள் நினைக்கிறியள். அது உழைப்பு நேரம் யாருடைய கையில் என்ற விசயம்.

நான் 1984இல் பாரிஸ் வந்தவன். அன்றிலிருந்து முப்பத்தைந்து வருசம் சமையலறைகளில் வேலை செய்தேன். வயதுவந்த தொழிலாளி கட்டாயம் ஓய்வெடுக்கலாம் என்று இந்த நாட்டுச் சட்டம் சொல்கிற விடுமுறை ஒன்றே ஒன்று, மே 1. அதிலும் மூட முடியாத வேலைத்தலம் என்றால் விதிவிலக்கு உண்டு, இரட்டைச் சம்பளம் கொடுக்க வேண்டும். மற்றப் பத்தும் ஒப்பந்தத்தையும் முதலாளியையும் பொறுத்தது. நத்தாருக்கு முதல்நாள் இரவு மற்றவர்கள் சாப்பிட வருவார்கள், நாங்கள் இருநூறு பேரின் கோப்பை கழுவுவோம். நாட்காட்டியில் அந்த நாள் சிவப்பு. எங்கள் கைவிரலில் சவர்க்காரத் தண்ணி ஊறின வெள்ளை.

முதல் வேலை செய்த இடத்தில் மாலி நாட்டுத் தோழர் ஒருவர் இருந்தார். ஹஜ்ஜுப் பெருநாளை அவர்கள் தபாஸ்கி என்பார்கள். அதற்கு ஒரு நாள் கேட்டார். முதலாளி சிரித்துக்கொண்டே, இது மதச்சார்பற்ற நாடு, மதத்தை வீட்டில் வைத்துவிட்டு வா என்றான். கெட்ட மனுசன் என்று சொல்ல மாட்டேன். அடுத்த கிழமை மாதா விண்ணேற்புக்கு ரெஸ்டோரன்ட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனான். அவன் கோயிலுக்குப் போகிறவனே இல்லை. தான் மத விடுமுறையில் போகிறேன் என்ற எண்ணம்கூட அவனுக்கு வந்திராது. ஆதிக்க மதத்தின் சுகம் இதுதான், நம்பாதவனுக்கும் லீவு கிடைக்கும்.

அதே முதலாளி சில வருசம் கழித்து நல்ல மனிதனாக மாறப் பார்த்தான். தொலைக்காட்சியில் எதையோ பார்த்திருக்கிறான் போல. ஒருநாள் என்னிடம் வந்து, உங்கள் 'திவாலி' வருகிறதாமே, நீ அன்றைக்கு வரவேண்டாம், போய்க் கொண்டாடு என்றான். நான் அதைக் கொண்டாடுவதில்லை என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "நீ இந்தியன் மாதிரித்தானே, இந்துதானே?" நான் இலங்கை, இந்து இல்லை. "அப்ப என்ன, முஸ்லிமா?" இல்லை. "பௌத்தமா?" அதுவும் இல்லை. அவன் கையில் ஒரு லீவு இருந்தது. அதை வைக்க என்னிடம் ஒரு மதம் இல்லை. கடைசியில் லீவை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எனக்கு உடம்பு முறிந்துபோய்க் கிடந்தது, ஒரு நாள் படுத்திருந்தால் போதும் என்றிருந்தது. 'ஓம், இந்துதான்' என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் படுத்திருக்கலாம். சகிப்புத்தன்மை குடியேறியவனுக்கு முதலில் ஒரு மதத்தைக் கொடுக்கிறது, பிறகுதான் லீவைக் கொடுக்கிறது.

சொல்லையே பாருங்கள். சகிப்பு. பொறுத்துக்கொள்ளுறது. வலியைச் சகிப்போம், நாத்தத்தைச் சகிப்போம், வீட்டுக்கு வந்து போகாமல் நிற்கிற விருந்தாளியைச் சகிப்போம். சகிக்கிறவன் வீட்டுக்காரன், சகிக்கப்படுகிறவன் வீட்டுக்காரனின் பொறுமை தீருமட்டும் இருக்கலாம். வீட்டுக்காரன் யார் என்ற கேள்வியை அந்தச் சொல் கேட்க விடாது.

இதைப் பிரான்சில்தான் கண்டுபிடித்தேன் என்று நினைக்க வேண்டாம். நான் பிறந்த நாட்டிலேயே வாரத்தையே மாற்றின அரசாங்கம் இருந்தது. 1966 தொடக்கத்தில் டட்லி சேனநாயக்க அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமை லீவை எடுத்துவிட்டுப் போயா நாட்களை வார விடுமுறை ஆக்கியது. நிலவின் நாலு கட்டத்துக்கு நாலு போயா. ஒரு கிழமைக்கு ஏழு நாள் வரும், சிலவேளை எட்டு நாள் வரும். ஞாயிற்றுக்கிழமை புத்தகம் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனது எனக்கு நினைவிருக்கிறது. வெளிநாட்டு வியாபாரம் குழம்புகிறது என்று 1971இல் திரும்ப ஞாயிறைக் கொண்டுவந்தார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்காரரும் 1793இல் பத்து நாள் வாரம் வைத்துப் பார்த்தவர்கள்தான், அது 1806ஐத் தாண்டவில்லை. வாரம் வானத்திலிருந்து விழுவதில்லை, வர்த்தமானியிலிருந்து வருகிறது.

ஞாயிறு திரும்பினாலும் முழுநிலவுப் போயா பொது விடுமுறையாக நின்றுவிட்டது. இன்றும் இருக்கிறது. அன்றைக்கு மதுபானம் விற்கக்கூடாது. என் அப்பு சீவல் தொழிலாளி. பறுவத்தன்று தவறணை பூட்டு. புத்தர் பிறந்த நாள், ஞானம் பெற்ற நாள், உபதேசம் செய்த நாள் எல்லாம் பனைக்குத் தெரியுமோ? பாளையை ஒருநாள் சீவாமல் விட்டால் அது காய்ந்துபோகும். ஆகவே அப்பு அன்றைக்கும் தளநாரைக் காலில் கொழுவிக்கொண்டு விடிய ஒருக்கால், பின்னேரம் ஒருக்கால் ஏறுவார். இறக்கின கள்ளை விற்க இடமில்லை. பொழுதுபடப் புளித்துவிடும். களவாய் விற்றால் பொலிஸ். வேலை முழுநாள், கூலி இல்லாத நாள். அரசாங்கம் அதைத்தான் 'பொது விடுமுறை' என்று அச்சடித்தது.

சிங்கள பௌத்தப் பேரினவாதம் என்று இதற்குப் பெயர் சொல்லி ஊர் முழுக்கத் திட்டினார்கள். சரியாகத்தான் திட்டினார்கள். 1972 அரசியலமைப்பில் பௌத்தத்துக்கு முதலிடம் என்று எழுதினபோது இன்னும் திட்டினார்கள். ஆனால் திட்டினவர்களின் வீட்டு முற்றத்துக்குத் தீபாவளியன்று நாங்கள் எப்படிப் போனோம்? அப்பு தென்னங்கள்ளு முட்டியோடு பின்கோடிப் பக்கத்தால் போவார். அம்மா முற்றத்து ஓரத்தில் நிற்பா. பழைய வேட்டி, ஐந்து ரூபாய்த் தாள், வாழையிலையில் கொஞ்சப் பலகாரம், எறிகிறமாதிரி விழும். "டேய், கள்ளைக் கொண்டுவா" என்றுதான் என் தகப்பனை அந்த வீட்டுச் சின்னப் பெடியன் கூப்பிடுவான். ஒரு அசுரனைக் கொன்றதற்குக் கொண்டாட்டமாம். எங்களுக்கு அது நாளெல்லாம் பனையிலும் தென்னையிலும் ஏறி இறங்குகிற வேலைநாள். பாரிஸில் நான் 'அண்ணை' ஆகிவிட்டேன். பெட்டிசத்தில் கையெழுத்து வேண்டும்போது.

1966இல் அரசாங்கம் வாரத்தை மாற்றின அதே வருசம், ஒக்டோபர் 21இல், எங்கட சனம் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போனது. தேத்தண்ணிக் கடையிலும் கோயிலிலும் சமமாய் நிற்கவேண்டும் என்பதற்காக. பொலிஸ் அடித்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உட்பிரவேசம் கேட்டு நின்றார்கள். தடுத்து நின்றவர்களின் தலைவர் யார்? கணிதப் பேராசிரியராயும் சுதந்திர இலங்கையின் அமைச்சராயும் இருந்த சி. சுந்தரலிங்கம். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேயே இருந்தது. அந்த வாசலில் நின்றவர்கள் புத்தனிடமும் அல்லாவிடமும் இயேசுவிடமும் மிகுந்த சகிப்புத்தன்மை உள்ளவர்கள். பாதிரியார் வந்தால் கதிரை போடுவார்கள். மௌலவியோடு ஒரே மேடையில் இருப்பார்கள். பக்கத்துத் தெருச் சீவல்காரன் வாசற்படியில் கால் வைக்கக்கூடாது.

இந்த இடத்தைத்தான் தோழர்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். மதங்களுக்கிடையிலான சகிப்பு என்பது மதங்களின் சொந்தக்காரர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்கிற எல்லை ஒப்பந்தம். உன் வேலிக்குள் நான் வரமாட்டேன், என் வேலிக்குள் நீ வராதே. வேலிக்குள் யாரை எங்கே கட்டிவைத்திருக்கிறாய் என்று மற்றவன் கேட்கமாட்டான், கேட்டால் அது சகிப்பின்மை. அரசு இந்த ஒப்பந்தத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வைக்கிறது. பட்டியலில் ஒரு பண்டிகையைச் சேர்ப்பது என்றால், அந்த மதத்தின் பெயரால் பேசுகிறவன் யார் என்பதையும் அரசு சேர்த்தே தீர்மானித்துவிடுகிறது. அவன் எப்பவும் கோயில் சாவி வைத்திருக்கிறவன்தான்.

பொய் சொல்லக்கூடாது. பாரிஸ் லா சப்பலில் 1990களின் நடுப்பகுதியிலிருந்து கோடை முடிவில் பிள்ளையார் தேர் ஓடுகிறது. தெரு முழுக்கத் தேங்காய் உடையும், வெள்ளைக்காரர் படம் எடுப்பார்கள். அங்கே வடம் யாரும் பிடிக்கலாம், நானும் ஒருமுறை பிடித்திருக்கிறேன். கை பட்டதால் தேர் நிற்கவில்லை. ஆனால் என் மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, "ஊரிலை எவடம்?" ஊர் தெரிந்தால் தெரு தெரியும், தெரு தெரிந்தால் மற்றது தானாய்த் தெரியும். வடம் பிடிக்கலாம், எவடம் என்று சொல்லக்கூடாது. பிரெஞ்சு நகரசபைக்காரருக்கு இந்தக் கேள்வியை மொழிபெயர்த்துச் சொன்னால்கூட விளங்காது.

அப்படியானால் உனக்கு எந்த விடுமுறையும் பிடிக்காதோ என்று ஒரு மாணவன் கேட்கலாம். பிடிக்கும். இதே பிரான்சின் கீழ் இந்து சமுத்திரத்தில் ரெயூனியன் என்றொரு தீவு இருக்கிறது. 1848 டிசம்பர் 20இல் அங்கே அடிமைமுறை ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. 60 ஆயிரம் பேருக்கும் மேல் விடுதலையானார்கள். 1983 சட்டத்தின்படி அந்த நாள் அங்கே பொது விடுமுறை. மார்த்தினிக்கில் மே 22, குவாதலூப்பில் மே 27, கயானாவில் ஜூன் 10. சாமி இல்லாத, படைத்தளபதி இல்லாத, சங்கிலி அறுத்தவனின் நாள். அந்த அடிமைகள் போன கரும்புத் தோட்டங்களுக்குத்தான் பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழ்க் கூலிகளை ஒப்பந்தம் எழுதிக் கப்பலேற்றினார்கள். 'மலபார்' என்று இன்றும் அங்கே அழைக்கப்படுகிற சனத்தின் பாட்டன் பாட்டிகள் அவர்கள். ஒருத்தன் விடுதலையான இடத்துக்கு இன்னொருத்தனைக் கொண்டுவந்த கதையையும் அந்த விடுமுறைக்குள் வைத்துப் பேசலாம். ஆனால் பாரிஸில் அது விடுமுறை இல்லை. இங்கே மே 10ஐ அடிமைமுறை ஒழிப்பு நினைவுநாள் என்று 2006இலிருந்து அனுசரிக்கிறார்கள். மலர்வளையம் உண்டு, லீவு இல்லை. பெருநகரம் வருந்தும், வேலையை நிறுத்தாது.

கடைசியாக வேலை செய்த சமையலறையில் நாங்களே ஒரு நாட்காட்டி வைத்திருந்தோம். குளிர் அறைக் கதவின் உட்பக்கம் ஒட்டின ஒரு தாள். அந்த முதலாளிக்குத் தலைக்கணக்கு சரியாக இருந்தால் போதும், எந்தத் தலை என்று பார்க்கமாட்டான். ஆளுக்கு இரண்டு நாள் எழுதலாம், காரணம் கேட்கக்கூடாது, அன்றைக்கு மற்றவர்கள் அவருடைய வேலையை எடுக்க வேண்டும். செனகல்காரப் பெடியன் தபாஸ்கி எழுதினான். அல்ஜீரியக் கபிலியச் சமையல்காரரை நாங்கள் எல்லோரும் முஸ்லிம் என்று நினைத்திருந்தோம். அவர் ஜனவரி 12 என்று எழுதினார். யென்னாயர், அமாசிக் மக்களின் புத்தாண்டு. அல்ஜீரியாவே அதை 2018இல்தான் பொது விடுமுறையாக்கியது. ரமழான் மாதத்தில் சிகரெட் பிடிப்பதை யாரும் பார்த்துவிடக்கூடாது என்று எத்தனை வருசம் ஒளிந்தேன் தெரியுமா என்று எனக்கு மட்டும் சொன்னார். தளம் துடைக்கும் போர்த்துக்கேய அம்மா கத்தோலிக்கர், ஆனால் அவருக்கு வேண்டிய நாள், பாத்திமா மாதாவின் மே 13, இந்தக் கத்தோலிக்க நாட்காட்டியில் இல்லை. ஆறு கிறிஸ்தவ விடுமுறை இருந்தும் கிறிஸ்தவத் தொழிலாளிக்கே அவளுடைய நாள் கிடைக்கவில்லை பாருங்கள்.

நான் ஏப்ரல் 14 என்று எழுதினேன். அம்பேத்கர் என்ற பெயரை ஊரில் நான் கேட்டதில்லை. பாரிஸ் வந்து, 90களில் தமிழ்நாட்டிலிருந்து கைமாறி வந்த சிற்றிதழ்களில்தான் படித்தேன். லா சப்பல் கடைக்காரர் அன்றைக்கு என்னைத் தெருவில் கண்டுவிட்டு, "ஓ, வருசப்பிறப்புக்கு லீவோ? நல்லது நல்லது, கைவிசேசம் வாங்கியாச்சோ?" என்று கேட்டார். இல்லை என்று விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் பிடித்தது. உங்கள் தமிழ்நாட்டிலும் இந்தத் தேதிக்கு இதே தலைவிதிதான். 2008இல் தி.மு.க. அரசு புத்தாண்டைத் தை முதல் நாளுக்குக் கொண்டுபோனது, 2011இல் அ.தி.மு.க. அரசு திரும்பச் சித்திரைக்குக் கொண்டுவந்தது. எந்தப் பக்கம் இழுத்தாலும் பாபாசாகேப் பிறந்த நாளுக்கென்று யாரும் தனியாய் ஒரு நாளை இழக்கவேண்டி வரவில்லை.

இந்தத் தாளில் கோளாறு இல்லாமல் இல்லை. ஒரு தடவை இரண்டு பேர் ஒரே நாளைக் கேட்டுச் சண்டை வந்தது, பெரிய சண்டை, கரண்டி பறந்தது. பிள்ளை இல்லாதவர்களும் மதம் இல்லாதவர்களும்தான் எப்பவும் விட்டுக்கொடுக்கிறோம் என்று நானே ஒருமுறை கத்தியிருக்கிறேன். முதலாளி மாறினதும் புது ஆள் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டான். அதுதான் விசயம். எங்கள் ஒற்றுமையில் மட்டும் தொங்கின ஒழுங்கு அது, சட்டத்தில் இல்லை.

அந்தப் பெட்டிசக்காரர் இன்னொருமுறை வரட்டும். காகிதத்தை இப்படி மாற்றி எழுதிக்கொண்டு வந்தால் முதல் கையெழுத்து என்னுடையது: அரசாங்க ஊழியருக்கு மட்டுமில்லை, கோப்பை கழுவுகிறவருக்கும் குப்பை வாளி தூக்குகிறவருக்கும் வருசத்தில் சில நாள், சம்பளத்தோடு, அவர் சொல்கிற தேதியில். என்ன பண்டிகை என்று முதலாளி கேட்கக்கூடாது. எந்த மதம் என்று ஐயரோ பாதிரியோ மௌலவியோ துண்டு எழுதிக் கொடுக்கத் தேவையில்லை. ஒருத்தர் தீபாவளிக்கு எடுக்கட்டும், இன்னொருத்தர் சும்மா படுத்துக் கிடக்க எடுக்கட்டும்.

லிஃப்ட் இப்போது வேலை செய்கிறது. தேத்தண்ணியும் இருக்கு.